ஒரே சட்டிச் சோறு, அவருக்கு மட்டும் ரத்தம் எப்படி?

கேள்வி | 9 ஜூன் 2024 | "ரெண்டு பிள்ளை அம்மா"

போன வாரம் வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தோம். எனக்கு 34 வயது, ஹீமோகுளோபின் 9.2. பெண்ணுக்கு 13 வயது, 10.1. பையனுக்கு இரண்டு வயது முடியப்போகிறது, 9.6. வீட்டுக்காரருக்கு 14.5. மூன்று மாதமாகத் தினமும் பீட்ரூட் ஜூஸ் போடுகிறேன். பேரீச்சை, மாதுளை, வாரம் இரண்டு தரம் முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. நாலு பேரும் ஒரே சட்டியில் வடித்த சோற்றைத்தான் சாப்பிடுகிறோம். அவர் ஜூஸ் பக்கமே வருவதில்லை, ஆனால் அவருக்குத்தான் ரத்தம் நன்றாக இருக்கிறது. ரத்தம் ஊறுகிற சாப்பாடு எது எது என்று யாராவது சரியான பட்டியல் போடுங்களேன்.

9 ஜூன், இரவு

பட்டியல் போட மாட்டேன். உங்களிடம் இருக்கும் பட்டியலே போதுமான நீளம்.

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் கூடலூர்ப் பக்கம், அப்புறம் கடைசிவரை விழுப்புரம் மாவட்டம். "என்ன சாப்பிட்டால் ரத்தம் ஊறும்" என்பதுதான் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி. "எப்போது சாப்பிட்டேன், அதோடு என்ன குடித்தேன், உடம்பிலிருந்து எங்கே போகிறது" என்று யாரும் கேட்டதில்லை.

முதலில் பீட்ரூட். நிறம் சிவப்பு, அவ்வளவுதான். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ல் போட்ட கணக்குப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஆணுக்கு 19 போதும். உங்கள் வீட்டுக்காரர் ஜூஸ் குடிக்காமலே 14.5ல் நிற்பதற்கு இதுவே பாதி பதில். அவருக்கு மாதாமாதம் போவது எதுவும் இல்லை.

மீதிப் பாதிக்கு நான்கு கேள்வி. டீ எப்போது குடிக்கிறீர்கள்? பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்? பெண்ணுக்கு மாதவிலக்கு எத்தனை நாள் நீடிக்கிறது? வீட்டுக்கு வெளியே போகும்போது பிள்ளைகள் காலில் செருப்பு உண்டா?

10 ஜூன்

பதில் வந்துவிட்டது. டீ காலை டிபனோடு ஒன்று, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினதும் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பையன் புட்டியில் ஒரு லிட்டர் பால், சில நாள் அதற்கும் மேல். "அதனால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது, பாலாவது குடிக்கிறானே என்று விட்டுவிட்டேன்." பெண்ணுக்கு எட்டு நாள், சில மாதம் ஒன்பது. செருப்பு பள்ளிக்கு மட்டும்.

நான்குக்கும் ஒரே நாளில் பதில் சொல்ல முடியாது. சின்னவனிடமிருந்து தொடங்குகிறேன், அவன் விஷயம்தான் சுலபம்.

பாலில் இரும்பு இல்லையென்றே சொல்லலாம். பாலில் உள்ள கால்சியம் மற்றச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் சேரவிடாது. ஒரு லிட்டர் பால் குடித்த வயிற்றில் பருப்புச் சோற்றுக்கு இடம் ஏது? இப்படி வளரும் பிள்ளைகள் கொழுகொழுவென்று வெளுப்பாக இருப்பார்கள். "பால் குடிச்சு வளர்ந்த நிறம்" என்று ஊரே கன்னத்தைக் கிள்ளும். எனக்கு அந்த நிறத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

புட்டியை நிறுத்துங்கள். டம்ளரில், சாப்பாட்டுக்கு இடையில், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல் கொடுங்கள். மூன்று நாள் அழுவான். நான்காம் நாள் இட்லி இறங்கும்.

10 ஜூன், மறுபடியும்

பாலைப் பற்றி எழுதியது ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு மாட்டுப்பால் அரை லிட்டர் என்று தொடங்கிவிடாதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு குழைத்த சாப்பாடு. ஒரு வயதுக்குள் மாட்டுப்பாலை முக்கிய ஆகாரமாகக் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும்.

இன்னொன்று. குழந்தையின் இரும்புக் கணக்கு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் அம்மாவிடமிருந்து நிறைய எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஆறு மாதம் அந்தச் சேமிப்பில் ஓடும். பிறந்தவுடனே தொப்புள்கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் இன்னும் கொஞ்சம் ரத்தம் குழந்தைக்குப் போகும். செலவே இல்லாத வைத்தியம். பிரசவ அறையில் எல்லோருக்கும் அவசரம், அதுதான் கஷ்டம்.

13 ஜூன்

பெண் பிள்ளை.

எட்டு ஒன்பது நாள் போவதை "வயசுக்கு வந்த புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடாதீர்கள். புதிதில் சுழற்சி ஒழுங்கில்லாமல் இருப்பது சகஜம்தான், ஆனால் ஏழு நாளுக்கு மேல் போனால், மணிக்கொரு பேடு நனைந்தால், கட்டி கட்டியாக விழுந்தால் பெண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு பார்ப்பார்கள். ரத்தம் உறைவதில் பிறவிக் குறை ஏதாவது இருக்கிறதா என்றும் சில சமயம் பார்ப்பார்கள். கூட்டிப் போக வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கு இது. ஆரோக்கியமான ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. சாதாரணமாக மாதத்துக்கு 30 முதல் 40 மில்லி போகும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். அதாவது 40 மில்லிகிராம் இரும்பு. நம் சோறு பருப்புச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குதான் உடம்பில் சேரும். ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுவது போல் இருக்கிறது இந்தப் பீட்ரூட் சேவை.

13 வயதில், உங்கள் வயதிலும்தான், 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 8 முதல் 10.9 வரை நடுத்தரம். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 7 முதல் 9.9 வரை நடுத்தரம். (24 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் எல்லைக் கோட்டை உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் 11லிருந்து 10.5 ஆக்கியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் பையன் லேசான பிரிவில் வருவான், ஆனாலும் எல்லைக்குக் கீழேதான்.) ஆக பழைய கணக்கில் வீட்டில் மூன்று பேருமே நடுத்தரம். சாப்பாட்டால் மட்டும் ஏற்றுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மாத்திரை, சிரப் வேண்டும். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

15 ஜூன்

"முருங்கைக்கீரையையும் வேண்டாம் என்பீர்கள் போலிருக்கிறதே" என்று சமையல் மாமி கோபித்துக்கொண்டிருக்கிறார். சொல்லவே இல்லை மாமி. பீட்ரூட்டைத்தான் திட்டினேன்.

ஆனால் முருங்கைக் கதை வேடிக்கையானது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் முருங்கைக்கீரைக்கு இரும்பு 0.85 மில்லிகிராம். அதே நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 4.56. கீரை மாறவில்லை, மண்ணும் அளக்கும் முறையும் மாறியிருக்கும். வாட்ஸப்பில் சுற்றும் "28 மில்லிகிராம்" உலர்த்திய கீரைப் பொடிக்கு யாரோ போட்ட எண். பச்சைக் கீரைக்கு அதை ஒட்டிவிட்டார்கள். நல்ல கீரைதான். கம்பும் எள்ளும்கூட நல்லவை. ஆனால் ஒரு கைப்பிடிப் பொரியலில் ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவை நிறையாது.

அதோடு என்ன சேருகிறது என்பதுதான் விஷயம். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால், ஒரு கொய்யாத் துண்டு தின்றால், பச்சை நெல்லிக்காய் கடித்தால் கீரையில் இருக்கும் இரும்பு கூடுதலாகச் சேரும். டீ குடித்தால் பாதிக்கு மேல் வீண். காப்பியும் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை, ஒவ்வொரு கர்ப்பிணிக் கூட்டத்திலும் சொல்லுவோம். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் டீ வரும்.

கறி சாப்பிடுகிற வீடு என்றால் வேலை சுலபம். கறியில் இருக்கும் இரும்பு வேறு வகை, சாப்பிட்டதில் நல்ல பங்கு சேரும், டீயும் அதை அவ்வளவாகத் தடுக்காது. ஆட்டு ரத்தப் பொரியல், சுவரொட்டி, ஈரல் எல்லாம் நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு விசாரித்து வாங்கி வந்து கொடுத்தவைதானே. விலையும் கறியைவிடக் கம்மி. (கர்ப்பமான புதிதில் ஈரல் மட்டும் அளவோடு. வைட்டமின் ஏ அதில் ரொம்ப அதிகம்.)

முட்டை நல்லது, புரதத்துக்கு. இரும்புக்கு அதை நம்ப வேண்டாம்.

16 ஜூன்

பேரீச்சை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தினமும் இரண்டு பழம் தின்றால் இனிப்பாக இருக்கும்.

22 ஜூன்

மாத்திரை. இதைப் பற்றி எழுதத்தான் கை துடித்துக்கொண்டிருந்தது.

அரசு கொடுப்பதில் நிறத்தைப் பார்த்தே அடையாளம் தெரியும். 5 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம் இரும்பு. வளரிளம் பருவத்துக்கு நீலம், 60 மில்லிகிராம், வாரம் ஒன்று, பள்ளியில். கர்ப்பிணிக்குச் சிவப்பு, அதுவும் 60, தினம் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். குழந்தைக்கு சிரப். ஒன்றுக்கும் காசு இல்லை.

முழுங்குகிறார்களா? நான் வீடு பார்க்கப் போகும்போது அரிசிப் பானைக்குப் பின்னால், கூரைச் செருகலில், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் அட்டை அட்டையாக எடுத்திருக்கிறேன். "சாப்பிட்டாச்சு நர்சம்மா" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் மாமியார் எடுத்துக் கொடுப்பார். திட்டிப் பயனில்லை. குமட்டுகிறது, மலம் கட்டுகிறது, கறுப்பாகப் போகிறது, "குழந்தை கறுப்பாகப் பிறக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கறுப்பாகப் போவது மாத்திரை உள்ளே போனதற்கு அடையாளம், பயம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தொடர்வார்கள். குழந்தையின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும், ஆனால் குமட்டும். குமட்டி நிறுத்துவதைவிட ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு படுப்பது மேல் என்பது என் அனுபவம். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடவே கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். சிரப்பைப் பின்நாக்கில் விட்டு வாய் கொப்பளிக்க வையுங்கள், பல்லில் கறை பிடிக்கும்.

தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு அதிகம் எடுத்துக்கொள்கிறது என்று சுவிட்சர்லாந்தில் இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்களிடம் பார்த்து 2017ல் வெளியிட்டார்கள். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து அடுத்த நாளைக்குக் கதவைச் சாத்திவிடுகிறதாம். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகள் தாங்களாக மாற்ற வேண்டாம்.

22 ஜூன், இன்னொன்று விட்டுப்போனது

மாத்திரையைச் சின்னப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறமும் வழவழப்பும் மிட்டாய் மாதிரியே இருக்கும். 2023 மார்ச்சில் ஊட்டியில் பள்ளியில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சத்து மாத்திரையை விழுங்கி, 8ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்தே போனாள். அளவுக்கு மேல் போனால் இரும்பு கல்லீரலைத் தின்றுவிடும். இரண்டு வயதுப் பையன் இருக்கிற வீடு உங்களுடையது.

23 ஜூன்

"மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை" என்று கோத்தகிரியிலிருந்து ஒருவர். இவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறையால் வருவதில்லை. கூடலூரில் சேர்ந்த புதிதில் எனக்கு மூத்த செவிலியர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். இந்தியாவில் அரிவாள் செல் நோயை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பிறவி நோய்) முதன்முதலில் கண்டுபிடித்ததே நீலகிரி ஆதிவாசி மக்களிடம்தான், 1952ல். பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் வெளுத்த பிள்ளை, மூட்டு வலி, அடிக்கடி காய்ச்சல் என்று பார்த்தால் சிரப்பை நீட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பிறவிக் குறை) சுமப்பவர்களும் இப்படித்தான் 10, 10.5 என்றே நிற்பார்கள். பி12 குறைந்தாலும் ஏறாது. அது கறி, முட்டை, பால் மூன்றும் இல்லாதவர்களுக்கு அதிகம். முழு ரத்த எண்ணிக்கையும் பெரிட்டினும் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்த்தால் மருத்துவருக்கு வழி தெரிந்துவிடும்.

கூடலூரில் இன்னொன்றையும் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்தில் வெறுங்கால். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். அப்புறம் குடலில் கொக்கி போட்டு உட்கார்ந்து குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளிதான், நூற்றுக்கணக்கில் இருந்தால் மாதவிலக்கு வராத பையனுக்கும் 7க்கு இறங்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிற அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை இதற்குத்தான். 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குள் பாதி. மாத்திரை கொடுத்துவிட்டு அதே பிள்ளையை அதே வயல் வரப்பில் வெறுங்காலோடு ஒதுங்க அனுப்பினால் மறுபடியும் ஏறும். அதனால்தான் செருப்பைக் கேட்டேன்.

1 ஜூலை

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்து வருகிறது என்ற பழைய காணொளியை யாரோ இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறீர்கள்.

அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், பி12 கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்து எடுத்தது. நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலந்தார்கள். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்து, கட்டம் கட்டமாக எல்லா ரேஷன் கடைக்கும் வந்தது. களையும்போது மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் எங்கள் தெருவில் பெண்கள் முறத்தில் போட்டு அதை மட்டும் பொறுக்கி எறிகிறார்கள். அவ்வளவு பொறுமையாக நான் கல்லைக்கூடப் பொறுக்கியதில்லை.

இந்த அரிசியால் ரத்தசோகை தீருமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. என் அபிப்பிராயம்: கெடுதல் இல்லை, ஆனால் இதைக் காட்டி பருப்பையும் முட்டையையும் குறைத்தால் கெடுதல். தலசீமியா, அரிவாள் செல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

5 ஜூலை

"எல்லாவற்றுக்கும் மூலம் அடுப்புப் புகை. காஸ் வந்ததும் பெண்கள், குழந்தைகள் ஆரோக்கியம் மாறிவிட்டது" என்று ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது, அதன் முடிவைச் சொல்கிறேன்.

இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாட்டிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் இடம் தமிழ்நாடு, விழுப்புரம் பக்கமும் நாகப்பட்டினம் பக்கமும். சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுதான் இங்கே நடத்தியது. பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் 18 மாதத்துக்கு இலவசம், மீதிப் பேர் விறகு. காஸ் குழுவில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 24 மைக்ரோகிராம், விறகுக் குழுவில் 70. பெரிய வித்தியாசம். ஆனால் பிறந்த குழந்தைகளின் எடை? வித்தியாசம் சுமார் 20 கிராம். அதாவது இல்லை என்றே அர்த்தம். 2022ல் வெளிவந்தது. குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறையவில்லை என்று பிறகு தெரிந்தது.

படித்ததும் ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை.

6 ஜூலை

"அப்போ விறகே இருக்கட்டுமா" என்று அந்தத் தம்பி. இல்லை தம்பி, அவசரப்படாதீர்கள்.

அடுப்பு கொடுத்தது கர்ப்பமாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு. அதற்கு முன் இருபது வருடம் இழுத்த புகை என்ன செய்திருக்கும் என்பதை இந்த ஆய்வு கேட்கவே இல்லை. வீட்டுக்குள் புகை நின்றாலும் பக்கத்து வீட்டுப் புகை வந்துகொண்டுதான் இருக்கும். அதோடு அந்தப் பெண்களில் எத்தனை பேர் ஒன்பதில், எட்டில் இருந்திருப்பார்கள்! பட்டினியும் ரத்தசோகையும் அப்படியே இருக்க, அடுப்பை மட்டும் மாற்றிவிட்டுக் குழந்தை எடை கூடவில்லை என்றால் அடுப்பு என்ன செய்யும்? இது என் ஊகம், ஆய்வு சொன்னதில்லை.

என் கண்ணால் பார்த்தது வேறு. காஸ் வந்த வீட்டுப் பெண்ணுக்குக் கண் எரிச்சல் போனது, இருமல் குறைந்தது, கருவேல முள் விறகைத் தலையில் சுமந்து வருவது நின்றது. அது போதாதா? சிலிண்டர் விலை ஏறியபோது அதே வீடுகளில் வெந்நீருக்கும் சோறு வடிக்கவும் விறகு திரும்பி வந்துவிட்டது. காஸ் டீ போடுவதற்கு மட்டும். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி டீயில் வந்து நிற்கிறேன்.

14 ஜூலை

"பெண்கள் உடற்பயிற்சியே செய்வதில்லை, அதனால்தான் எல்லா நோயும்" என்று ஜிம் படத்தை முகப்பில் வைத்திருக்கும் தம்பி எழுதியது. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து குடம் தூக்குகிற பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், எட்ட நின்று சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் போட்ட வழிகாட்டியில் வீட்டு வேலை, வயல் வேலை, நடை எல்லாம் உடல் அசைவில்தான் சேர்த்தி. வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறார்கள், அவள் அதைத் திங்கட்கிழமையே முடித்துவிடுவாள்.

ஆனால் தம்பி சொல்வதில் பாதி, டவுன் பெண்களுக்கும் வளரும் பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 5 முதல் 17 வயது வரை தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். நம் பெண் பிள்ளைகள் வயசுக்கு வந்த நாளோடு ஓட்டம் நின்றுவிடுகிறது. தாவணி போய் சுடிதார் வந்துவிட்டது, "ஆம்பளப் பிள்ளையாட்டம் என்ன ஓட்டம்" மட்டும் போகவில்லை. பள்ளியில் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். பையன்கள் சாயங்காலம் தெருவில் ஈடுகட்டிவிடுவார்கள், பெண்ணுக்கு அந்தச் சாயங்காலம் கிடையாது.

ரத்தமில்லாத பிள்ளை ஓடாது. ரெண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், வகுப்பில் தூங்கி விழும், வீட்டில் "சோம்பேறி" என்று பெயர் வாங்கும். ஓடாத பிள்ளைக்குப் பசி எடுக்காது, பசி எடுக்காத பிள்ளை பிஸ்கட்டைக் கடித்துவிட்டுப் படுக்கும். எங்கே பிடித்து இழுப்பது என்றால், முதலில் ரத்தத்தை ஏற்றுங்கள். 11ஐத் தாண்டினால் பிள்ளை தானாகவே எழுந்து போகும். 9ல் இருக்கும்போது காலை ஓட்டத்துக்கு எழுப்பாதீர்கள், அது கொடுமை.

20 ஜூலை

"தமிழ்நாட்டில் இதெல்லாம் எப்போதோ தீர்ந்த பிரச்சினை. 1956ல் காமராஜர், 1982ல் எம்.ஜி.ஆர்., 2022ல் காலை உணவு" என்று பெருமையாக ஒருவர். எனக்கும் பெருமைதான். 2010லிருந்து வாரம் ஐந்து முட்டை போடுகிறோம், பல மாநிலத்தில் முட்டை என்றாலே அடிதடி. சத்துணவு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 57.4. பிள்ளைகளுக்கு முந்தைய ஆய்வில் 50.7 இருந்தது. ஏறியிருக்கிறது.

இந்த எண்ணை அப்படியே விழுங்கவும் வேண்டாம். அந்த ஆய்வில் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். 2016-18ல் நரம்பிலிருந்து எடுத்துப் பார்த்த இன்னொரு தேசிய ஆய்வில் நாடு முழுக்க 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 41 சதவீதம்தான் வந்தது. விரலில் குத்திப் பார்த்த 2015-16 ஆய்வில் ஐந்து வயதுக்குள் 58.6. எது சரி என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குறைவானதை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் இரண்டு பிள்ளை.

ரெண்டு பிள்ளை அம்மா, உங்களுக்கு எப்படி எடுத்தார்கள்? விரலில் என்றால் அடுத்த தடவை நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட்

ஒரே சட்டிச் சோறு என்றீர்களே, அதில் ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். சட்டி ஒன்றுதான், கரண்டி ஒன்றில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் அவருக்கு நாலு துண்டு, பையனுக்கு நெஞ்செலும்பு, பெண்ணுக்கு ஒன்று, கடைசியில் நீங்கள் சட்டியைச் சோறு போட்டுத் துடைத்துச் சாப்பிடுகிறீர்கள். இல்லையென்றால் சந்தோஷம். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதோடு காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பதினோரு மணிக்கு டீயையே டிபனாகக் குடிக்கிற பழக்கம். குழம்பு வைக்கிறவள் தன் தட்டில் முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் போடட்டும் என்று நான் கூட்டத்தில் சொல்லுவேன். சிரிப்பார்கள். ஒரு பாட்டி மட்டும் "அப்படிச் செஞ்சா வீட்டுல வச்சிருப்பாங்களா" என்று கேட்டார். பதில் என்னிடமும் இல்லை.

25 ஆகஸ்ட்

ரெண்டு பிள்ளை அம்மா எண்ணோடு வந்திருக்கிறார். பையன் 11.2, புட்டி போச்சு, சோறு இறங்குகிறது. பெண் 11.5, மருத்துவர் மாதவிலக்குக்கும் மருந்து கொடுத்திருக்கிறார், இப்போது ஆறு நாள். இரண்டும் நல்ல ஏற்றம். 12 வந்ததும் பெண்ணுக்கு நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

உங்களுக்கு 9.4. "எனக்கு வயிறு ஒத்துக்கலை, விட்டுட்டேன், பிள்ளைங்களுக்கு ஏறினா போதும்." போதாது. உங்கள் மாதவிலக்கு எத்தனை நாள் என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், நீங்களாகவும் சொல்லவில்லை. 34 வயதில் அதிகம் போகிறது என்றால் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன், கூடவே பெரிட்டின். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வகை மாத்திரை உண்டு, அதுவும் முடியாதென்றால் ஊசியில் ஏற்றலாம். நரம்பில் ஏற்றும் இரும்பு அரசு மருத்துவமனையிலேயே போடுகிறார்கள். இந்த வாரமே போங்கள், பெண்ணின் அடுத்த பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

மாதுளை பற்றி இரண்டு மாதமாகப் பதில் கேட்டுக்கொண்டிருக்கும் ஈரோட்டுக்காரருக்கு: பீட்ரூட்டுக்குச் சொன்னதுதான் அதற்கும். கிலோ என்ன விலை விற்கிறது! அந்தக் காசுக்கு நெத்திலிக் கருவாடும் ஒரு கிலோ கொய்யாவும் வாங்குங்கள்.